'கெட்' என்ற சொல்லை மெயிலிலிருந்து விரட்ட வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் மெயில் எழுத வேண்டிய வேலை. "எங்கே பார்த்தாலும் கெட், காட்னு எழுதியிருக்கே, ஸ்கூல் பிள்ளை எழுதின மாதிரி இருக்கு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் வேர்டில் ரைட் கிளிக் செய்து, காட்டுகிற இணைச்சொற்களில் ஒன்றைப் போட்டுவிடுகிறேன். போன வாரம் ஒரு பையர், "நீங்கள் எழுதியது புரியவில்லை, போனில் பேசலாமா?" என்று கேட்டார். கெட்டுக்கு உண்மையில் எத்தனை அர்த்தம்? எங்கே எந்தச் சொல்லைப் போடுவது? இன்னொன்று, அமெரிக்க பையர் ஒருவர் போனில் 'வீ ஹேவ் காட்டன்' என்று ஏதோ சொன்னார். பருத்தியைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டேன். அப்படி ஒரு சொல் இருக்கிறதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய மெயிலையும், இணைச்சொல் போடுவதற்கு முன் எழுதி வைத்திருந்த வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முந்தைய வடிவத்தில் ஐந்து வாக்கியம், ஐந்திலும் கெட். உங்கள் மேனேஜருக்கு அலுப்பாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் ஐந்தில் ஒன்றில்கூடப் பிழை கிடையாது. மாற்றிய பிறகுதான் நான்கு வாக்கியங்கள் கெட்டுப்போயிருக்கின்றன. ஒன்று தப்பித்தோம் பிழைத்தோம் என்று நிற்கிறது.

மற்ற வாசகர்களுக்காக அந்த வாக்கியங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். 'வீ காட் யுவர் மெயில்' என்பது 'வீ ஆப்டெய்ன்ட் யுவர் மெயில்' ஆகியிருக்கிறது. 'த ஃபேப்ரிக் காட் டிலேய்ட் அட் டையிங்' (சாயம் போடும் இடத்தில் துணி தாமதமானது) என்பது 'பிகேம் டிலேய்ட்' ஆகியிருக்கிறது. 'வீ வில் கெட் த ஃபேப்ரிக் டெஸ்டட்' என்பதில் கெட் போய் 'அக்வயர்' வந்திருக்கிறது. 'சாம்பிள்ஸ் வில் கெட் டு யூ பை ஃப்ரைடே' என்பது 'ரீச் டு யூ' என்று மாறிவிட்டது. கடைசி வரிதான் உச்சம்: 'வீ வில் கெட் பேக் டு யூ' என்ற பாவப்பட்ட வாக்கியம் 'வீ வில் ப்ரொக்யூர் பேக் டு யூ' என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. பையர் போனை எடுத்தது இதைப் பார்த்துத்தான் இருக்கும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஆங்கிலத்துக்குப் போகவே வேண்டாம். நம்மிடம் 'வாங்கு' என்று ஒரு சொல் இருக்கிறது. கடையில் அரிசி வாங்குகிறோம். பையன் பரீட்சையில் எண்பது மார்க் வாங்குகிறான், அப்புறம் அப்பாவிடம் திட்டும் வாங்குகிறான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சூப்பர்வைசர் ஆட்களிடம் வேலை வாங்குகிறார். பகை வைத்திருப்பவன் பழி வாங்குகிறான். கடல் உள்வாங்குகிறது. தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் அகராதியில் 'வாங்கு' என்பதற்கு 'பெறு' என்று போட்டிருப்பதை நம்பி, 'மாடி ஏறியதில் எனக்கு மூச்சுப் பெற்றது' என்று எழுதினால் நாம் என்ன நினைப்போம்? உங்கள் பையர் அதைத்தான் நினைத்திருப்பார். வாங்குக்கு இணைச்சொல் கிடையாது. அரிசி வாங்குவதற்கு ஒன்று, மூச்சு வாங்குவதற்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் உண்டு. கெட்டும் அப்படித்தான்.

அதனால் கெட்டைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒரு பொருள் வந்தால் (மெயில், ஆர்டர், வேலை) அது பெறுதல். ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால் (ஆங்க்ரி, லேட், டயர்ட்) அது ஆகுதல். 'டு' போட்டு இடமோ ஆளோ வந்தால் போய்ச் சேருதல். ஒரு பொருளும், அதற்குப் பிறகு 'டெஸ்டட், அப்ரூவ்ட்' போன்ற முடிந்த வினையும் வந்தால் அந்த வேலையை இன்னொருவரைக் கொண்டு செய்விப்பது. 'பேக், ஓவர், பை' மாதிரி குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் அந்த இரண்டும் சேர்ந்து தனிச் சொல்லாகவே ஆகிவிடும். உங்கள் ஐந்து வாக்கியமும் இந்த ஐந்து வகை. செய்விப்பதற்கும் குட்டிச் சொல் ஒட்டியதற்கும்கூட முதல் வகைக்கான பட்டியலிலிருந்தே சொல் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற நமக்கு கெட் ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் புரிந்தது. எனக்கு அடிபட்டது. எனக்குக் கல்யாணம் ஆனது. இவை எதிலுமே 'நான்' கிடையாது. கோபமும் வேலையும் கல்யாணமும்தான் எழுவாய். நமக்கு அவை நடக்கின்றன, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அந்த 'எனக்கு' வாக்கியத்தின் தலைக்கு வந்து 'ஐ' என்று நிற்க வேண்டும். அப்படி நின்றதும் அதற்கு ஒரு வினை வேண்டும். கிடைத்தது, வந்தது, புரிந்தது, பட்டது, ஆனது என்ற ஐந்துக்கும் ஆங்கிலம் கொடுக்கிற வினை ஒன்றே: ஐ காட் எ ஜாப், ஐ காட் ஆங்க்ரி, ஐ காட் இட், ஐ காட் ஹர்ட், ஐ காட் மேரிட்.

ஆனால் 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்' என்பவற்றுக்கு கெட் வராது. அவை ஏற்கெனவே இருக்கிற நிலை. கெட்டுக்கு ஏதாவது ஒன்று மாற வேண்டும்: இல்லாதது கைக்கு வர வேண்டும், இருந்த நிலை வேறாக வேண்டும், இங்கிருந்தது அங்கே போக வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் அகராதியில் கெட்டுக்குப் போட்டிருக்கும் நீளமான பட்டியலில் பெரும்பகுதி பயமுறுத்தாது.

இப்போது முதல் வகைக்கு வருகிறேன். இணைச்சொற்கள் அதிகம் இருப்பதும், தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். பொருள் எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவர் அனுப்பினார், நம்மிடம் வந்து சேர்ந்தது என்றால் 'ரிசீவ்'. மெயில், பார்சல், பேமென்ட், புகார் எல்லாம் இதில் வரும். நாம் கேட்டு, விண்ணப்பித்து, அலைந்து வாங்கினால் 'ஆப்டெய்ன்'. அனுமதி, சான்றிதழ், லேப் ரிப்போர்ட் ஆகியவற்றுக்குப் பொருந்தும். பையர் தாமாக அனுப்பிய மெயிலை 'ஆப்டெய்ன்' செய்தோம் என்று எழுதினால், அவருக்குத் தெரியாமல் எப்படியோ கைப்பற்றியதைப்போல் தொனிக்கிறது.

'அக்வயர்' கொஞ்சம் கனமான சொல். ஒன்றைச் சொத்தாக்கிக்கொள்வது, அல்லது காலப்போக்கில் சேர்த்துக்கொள்வது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குவது, ஒருவர் பழகப் பழக ஒரு திறமையைப் பெறுவது இரண்டுக்கும் இது பொருந்தும். அரசாங்கம் சாலைக்காக நிலம் எடுப்பதும் இதே சொல்தான். 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதற்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 'லேண்ட் அக்விசிஷன்' என்றுதான் இருக்கிறது. துணியை டெஸ்டுக்குக் கொடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

'ப்ரொக்யூர்' நிறுவனம் செய்யும் கொள்முதல். அரசு நெல் கொள்முதல் செய்வதும் உங்கள் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் நூலும் ஸிப்பும் வாங்குவதும் ப்ரொக்யூர். ஆட்களுக்கு மட்டும் இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். 1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டத்தில் ஆள் பிடித்துக் கொடுக்கும் குற்றத்துக்கு இந்தச் சொல்தான் இருக்கிறது. 'டெய்லர்களை ப்ரொக்யூர் செய்கிறோம்' என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார். ஆட்களுக்கு 'ஹையர்' போதும்.

போட்டிக்கு நடுவே உறுதியாகப் பிடித்தது என்றால் 'செக்யூர்'. மூன்று கம்பெனி கொட்டேஷன் கொடுத்த ஆர்டர் உங்களுக்கு வந்தால் தாராளமாக இதைப் போடலாம். உழைத்து, தகுதியால் வந்தது 'எர்ன்'. கூடிக்கொண்டே போவது 'கெயின்': எடையும் அனுபவமும் அப்படி. ஏலத்தில் பொருள் நல்ல விலைக்குப் போனால் 'ஃபெட்ச்'. மெயில் எழுத இதற்கு மேல் சொற்கள் தேவையில்லை.

நிலை மாறுவதில் 'பிகம்' பொதுவான சொல். கெட்டுக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம்: பிகமுக்குப் பின் பதவி, தொழில், உறவு எல்லாம் வரலாம், கெட்டுக்குப் பின் வந்தால் அர்த்தமே மாறிவிடும். 'ஷி பிகேம் எ மேனேஜர்' என்றால் அவர் மேனேஜர் ஆனார். 'ஷி காட் எ மேனேஜர்' என்றால் அவருக்கு மேலே ஒரு மேனேஜர் வந்து உட்கார்ந்தார். நிறம் மாறுவதற்கு 'டர்ன்'. வெள்ளை டி-ஷர்ட் பாலி பேக்குக்குள்ளேயே மஞ்சளித்துப்போவது உங்கள் தொழிலில் தெரிந்த தலைவலிதானே, அதற்கு 'டர்ன்ட் யெல்லோ' என்பதுதான் சொல். கெட்ட பக்கமாக மாறினால் பெரும்பாலும் 'கோ': பால் கெட்டால் 'வென்ட் பேட்', கண் பார்வை போனால் 'வென்ட் பிளைண்ட்'. மெல்ல மெல்ல மாறினால் 'க்ரோ'. இந்தக் கடைசிச் சொல் கதையில் அழகாக இருக்கும், ஷிப்மென்ட் மெயிலில் தேவைப்படாது.

'காட் டிலேய்ட்' பார்வைக்கு இதே வகைபோல இருந்தாலும் கொஞ்சம் வேறு. இது செயப்பாட்டு வினை. 'வாஸ் டிலேய்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் பேச்சுவழக்காக 'காட்' வருகிறது. பெரும்பாலும் எதிர்பாராமல் நடந்ததற்கும், மாட்டிக்கொண்டதற்கும் இது வரும்: வேலை போனவன் 'காட் ஃபயர்ட்', பணம் பறிகொடுத்தவன் 'காட் ராப்ட்'. பேச்சில் இதில் ஒரு சங்கடம், ஒரு 'ஐயோ' ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்தில் அது வேண்டாம் என்றால் 'வாஸ்' போடுங்கள். 'பிகேம் டிலேய்ட்' இலக்கணப்படி ஓடிவிடும், ஆனால் யாரும் அப்படி எழுதுவதில்லை. தப்பித்துப் பிழைத்தது என்று நான் சொன்ன வாக்கியம் இதுதான்.

செய்விப்பது பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். உங்கள் வேலையே அடுத்தவரிடம் வேலை வாங்குவதுதான். 'கெட் த ஃபேப்ரிக் டெஸ்டட்' என்பதற்கு ஓரளவு மரியாதையான மாற்று 'ஹேவ் த ஃபேப்ரிக் டெஸ்டட்'. வேறு எந்த இணைச்சொல்லும் அந்த இடத்தில் உட்காராது. ஆள் பெயரும் சேர்ந்து வந்தால் மூன்று சொல் இருக்கிறது, மூன்றுக்கும் குணம் வேறு. டையிங் யூனிட்காரரிடம் பேசி, கெஞ்சி, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து லாட்டைத் திரும்பச் சாயம் போட வைத்தீர்கள் என்றால் 'வீ காட் தெம் டு ரீ-டை த லாட்'. காசு கொடுத்து, வழக்கமான ஏற்பாடாகச் செய்யச் சொன்னீர்கள் என்றால் 'வீ ஹேட் தெம் ரீ-டை'. தவறு உங்களுடையது, நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தினீர்கள் என்றால் 'வீ மேட் தெம் ரீ-டை'. கெட்டுக்கு மட்டும் நடுவில் 'டு' வரும், மற்ற இரண்டுக்கும் வராது. நம் ஊர் ஆபீஸ் மெயில்களில் 'மேட் தெம் டு டூ' என்று இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்த 'டு' தேவையில்லாத ஒட்டு.

அதே 'டு'தான் உங்கள் நான்காவது வாக்கியத்தையும் கெடுத்திருக்கிறது. கெட்டுக்கு 'டு' உண்டு. 'ரீச்'சுக்குக் கிடையாது. 'ரீச் யூ', 'ரீச் சென்னை', 'ரீச் த போர்ட்', அவ்வளவுதான். 'அரைவ்' என்றால் 'அட்' அல்லது 'இன்' வேண்டும். சொல்லை மாற்றும்போது அதன் வாலையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதை ரைட் கிளிக் சொல்லித் தராது. வீட்டுக்குப் போவது போன்ற சில இடங்களில் கெட்டுக்கும் 'டு' இல்லை: 'கெட் ஹோம்'.

குட்டிச் சொல் ஒட்டுகிற வகையை ஒவ்வொன்றாக மனப்பாடம்தான் செய்ய வேண்டும், குறுக்குவழி இல்லை. 'கெட் ஓவர்' மீண்டு வருவது, 'கெட் பை' இருப்பதை வைத்துச் சமாளிப்பது, 'கெட் அலாங்' ஒத்துப்போவது. 'கெட் பேக் டு யூ' பிறகு பதில் சொல்கிறேன் என்பது. நம் அலுவலகங்களில் இதற்குப் பதிலாக 'ரிவர்ட்' போடுகிறார்கள். இந்தியாவுக்குள் அது எல்லாருக்கும் புரியும். வெளியே பலருக்கு அந்தச் சொல் பழைய நிலைக்குத் திரும்புவதைத்தான் குறிக்கும். வெளிநாட்டு பையருக்கு 'கெட் பேக்' அல்லது 'ரிப்ளை' எழுதுங்கள்.

சரி, மேனேஜர் ஏன் கெட்டை ஸ்கூல் பிள்ளை எழுத்து என்கிறார்? அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களுடைய 'கெட்டா' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் கெட் ஆனது. 'டேக்', 'தே', 'எக்' எல்லாம் அதே கூட்டம். ஆங்கிலத்திலேயே அதற்கு உறவான சொல் ஒன்று முன்பே இருந்தது, ஆனால் 'ஃபர்கெட்' போன்ற கூட்டுச் சொற்களுக்குள்தான் ஒளிந்திருந்தது. அந்த நாளில் அதை 'யெட்' என்பது போல, யகர ஒலியோடு உச்சரித்தார்கள். இன்றைக்கு நாம் கெட் என்று அழுத்திச் சொல்வது வைக்கிங் உச்சரிப்பு. பிறகு 1066இல் நார்மன்கள் வந்து அரசைப் பிடித்தார்கள். அரண்மனை, நீதிமன்றம், பத்திரம் எல்லாவற்றிலும் பிரெஞ்சும் லத்தீனும் உட்கார்ந்தன. ரிசீவ், ஆப்டெய்ன், அக்வயர், ப்ரொக்யூர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வீட்டிலும் வயலிலும் புழங்கிய சொல் ஒரு பக்கம், பத்திரத்தில் எழுதிய சொல் மறுபக்கம் என்று அன்று பிரிந்தது இன்றும் காதில் கேட்கிறது.

ஆனால் பத்திரச் சொல் எப்போதும் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாக்கியத்தில் அது பொருத்தமாக இருக்கும், ஐந்து வாக்கியத்திலும் போட்டால் நோட்டீஸ் அனுப்பியது மாதிரி இருக்கும். இந்த விஷயத்தில் மேனேஜரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கச் சொன்னது சரி, கெட்டே ஆகாது என்பது சரியில்லை.

இணைச்சொல் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் பீட்டர் மார்க் ரோஜே என்ற டாக்டர் 1852இல் வெளியிட்ட இணைச்சொல் தொகுப்பில் சொற்களுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு கருத்தைச் சுற்றி வரும் சொற்களைக் கூட்டம் கூட்டமாக வைத்திருந்தார், அவ்வளவுதான். ஏற்கெனவே தெரிந்த, நாக்கு நுனியில் நிற்கிற சொல்லைத் தேடி எடுக்க உதவுவது அது. உங்கள் கணினியில் இருப்பதும் அந்த வழி வந்ததுதான். அதில் உங்களுக்குப் பழக்கமில்லாத சொல்லைக் கண்டால் அப்படியே எடுத்துப் போடாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதி ஒன்றில் அதைத் தேடி நான்கு வாக்கியம் படியுங்கள். அங்கே மெயிலோ சாம்பிளோ மாதிரி ஒரு பொருள் வந்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மெயிலை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'வீ ரிசீவ்ட் யுவர் மெயில். த ஃபேப்ரிக் வாஸ் டிலேய்ட் அட் டையிங். வீ வில் ஹேவ் இட் டெஸ்டட் டுமாரோ. த சாம்பிள்ஸ் வில் ரீச் யூ பை ஃப்ரைடே. வீ வில் கெட் பேக் டு யூ வித் த ரிப்போர்ட்.' கடைசியில் ஒரு கெட்டை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன், மேனேஜர் கேட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியில் எத்தனை நாள் தாமதம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பையருக்கு வினைச்சொல்லைவிடத் தேதி முக்கியம்.

அமெரிக்கரின் 'காட்டன்' பருத்தி இல்லை, கெட்டின் இறந்தகால எச்ச வடிவம். பல நூற்றாண்டுகளாக இருந்து வருவது. பிரிட்டனில் அது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது, 'ஃபர்காட்டன்' போன்ற ஓரிரு சொற்களில் மட்டும் மிச்சம் இருக்கிறது. அமெரிக்காவில் இன்றும் உயிரோடு இருக்கிறது, அர்த்தத்தைப் பிரித்துக் காட்டவும் பயன்படுகிறது. அங்கே 'வீ ஹேவ் காட்டன் த சாம்பிள்ஸ்' என்றால் சாம்பிள் வந்து சேர்ந்தது. 'வீ ஹேவ் காட் த சாம்பிள்ஸ்' என்றால் சாம்பிள் எங்களிடம் இருக்கிறது. முதலாவது வந்த செய்தி, இரண்டாவது இருக்கிற செய்தி. அவர் அப்படி எழுதினால் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். நீங்களும் அப்படி எழுத வேண்டிய அவசியமில்லை. வந்ததைச் சொல்ல 'ரிசீவ்ட்', இருப்பதைச் சொல்ல வெறும் 'ஹேவ்' என்று எழுதினால் லண்டன் பையருக்கும் நியூயார்க் பையருக்கும் ஒரே மெயில் போதும்.